ஞானம் அக்கா நடக்கப் பழகிய கதை

அன்று காலை செட்டிக்குளத்துக் கரையில் பனி இறங்கியிருந்தது. ராஜகிரி மலை இடுப்புக்கு மேலே தெரியவில்லை. தண்ணீர் ஓரத்தில் பாசி வாசனை. குரங்குகள்கூட இன்னும் பாறையைவிட்டு இறங்கவில்லை.

என் ஷூ சத்தம் மட்டும் கேட்டது. அது எனக்குப் புதிது. அந்தக் கரையில் என் ஷூவோடு ஒரு ரப்பர் செருப்பும் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டே வரும். கூடவே ஒரு மூச்சிரைப்பும், "கொஞ்சம் நில்லுடி" என்ற முனகலும். அன்று எதுவும் இல்லை. நான் வழக்கத்தைவிட வேகமாக நடந்திருக்க வேண்டும். பாதிச் சுற்றில் என்னையறியாமல் நின்று, திரும்பிப் பார்த்து, காத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது, காத்திருக்க ஆள் இல்லை என்று.

ரோட்டுக்கு வந்தேன். பஷீர் பாய் டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் என்னைப் பார்த்ததுமே அவர் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டார். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் கிடையாது.

"இன்னா டீச்சர், ஒத்தையில வர்றீங்க? அக்கா பின்னால வர்றாங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க பாய்."

"எப்ப வருவாங்க?"

"வந்துடுவாங்க."

ஆற்றிய டீயைத் திரும்ப ஊற்றச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன். சர்க்கரை இல்லாத டீயை அன்றுதான் முதன்முதலாகக் குடித்தேன். இவ்வளவு கசப்பையா அக்கா இத்தனை காலம் வாய் திறக்காமல் குடித்துவந்தார்?

ஒரு வாசகியின் கேள்வி

மைதானம், விசில், ஓட்டப் பந்தயம் என்று விளையாட்டு டீச்சராக இருந்த நான் இந்தத் தொடரில் எழுதிவருவதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உடம்பைப் பற்றியே எழுதுகிறீர்களே டீச்சர், நீங்கள் கிறிஸ்தவப் பெண் அல்லவா? உங்கள் ஜெப வாழ்க்கை எப்படி?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஞானம் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஞானசுந்தரி அவர் முழுப்பெயர். கணக்கு டீச்சர். திண்டிவனத்துக்காரர். நானும் அவரும் ஒரே வருடம் செஞ்சிக்கு மாற்றலாகி வந்தோம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனியாக வீடு கொடுக்க அப்போது ஊரில் ஆள் இல்லை. "ரெண்டு பேரா இருந்தா குடுக்கறன்" என்றார் பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டுக்காரர். அப்படித்தான் சேர்ந்தோம். பிறகு பிரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதே வீடு. பக்கத்துப் பிள்ளைகள் அதை 'ரெண்டு டீச்சர் வீடு' என்பார்கள்.

அக்காவுக்குத் தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே வயது போய்விட்டது. எனக்கு வந்த வரன்களெல்லாம் பெண் டிராயரில் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டதுமே திரும்பிப் போயின.

அக்கா விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நிற்பார். சத்தமாகத்தான் ஜெபிப்பார். மெதுவாகப் பேசினால் தூக்கம் வந்துவிடும் என்பார். ஜெபம் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளில் வரும் சுடோகு கட்டத்தைப் பேனாவால் போடுவார். பென்சில் கிடையாது. அவருக்குத் தப்பு வராது.

அதோடு சரி. பஜாருக்குப் போவதென்றாலும் ஆட்டோ. படி ஏறினால் மூச்சு வாங்கும். சர்க்கரை, கொதிப்பு, முழங்கால் வீக்கம் எல்லாம் இருந்தது.

நான் அதற்கு நேர் எதிர். அவர் ஜெபத்துக்கு எழும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். என் ஜெபம் லேஸ் கட்டுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆராதனையில் பிரசங்கம் ஆரம்பித்தால் எனக்குக் கண் சொக்கும். பக்கத்திலிருந்து அக்கா தொடையில் கிள்ளுவார்.

"உன் ஆத்துமாவுக்கு எப்பவாச்சும் வார்ம்-அப் குடுத்திருக்கியாடி?" என்பார்.

"உங்க முட்டிக்கு நீங்க எப்பவாச்சும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கீங்களா?" என்பேன்.

நைனா சொன்ன வசனம்

இந்தச் சண்டை எனக்குப் பழையது. அனந்தபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நைனா, என் அப்பா, உபதேசியாராக இருந்தார். ஆயர் வராத ஞாயிறுகளில் அவர்தான் ஆராதனை நடத்துவார். சைக்கிளில் நாலு ஊர் சுற்றுவார்.

பள்ளியில் படிக்கும்போது மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, கப்போடு வீட்டுக்கு ஓடினேன். நைனா கப்பைக் கையில் வாங்கினார். வேதத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சொன்னார். உடம்பைப் பழக்குவதில் பிரயோஜனம் கொஞ்சம்தான், பக்தியில்தான் எல்லாம் இருக்கிறது என்கிற இடம்.

"கொஞ்சம்தான் பாப்பா" என்றார். கப்பைத் தகரப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அந்தக் 'கொஞ்சத்தை' வைத்துக்கொண்டுதான் நான் பிழைப்பு நடத்தினேன். ஆனால் ஆராதனைக்குக் கோயிலுக்குள் நுழைந்தால் மட்டும், மற்றவர்களெல்லாம் முழுசாக வந்திருக்கிறார்கள், நான் கொஞ்சத்தோடு வந்திருக்கிறேன் என்று ஓரமாக உட்காருவேன்.

இதை ஒருமுறை அக்காவிடம் சொன்னேன். அவர் கணக்கு டீச்சராகத்தான் பதில் சொன்னார்: "கொஞ்சம்னா ஸைபர் இல்லடி."

பண்டமாற்று

ஓய்வு பெற்ற பிறகு அக்காவின் கால் ஒருமுறை மரத்துப்போனது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "தினமும் நடக்கணும்மா, இல்லன்னா காலையே மறந்துடணும்" என்றார்.

அக்கா பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு நடந்தது. அவர் என்னோடு நடக்க வேண்டும். பதிலுக்கு நான் அவரோடு முழங்காலில் நிற்க வேண்டும், சுடோகுவும் போட வேண்டும்.

"கணக்கு எனக்கு வராதுக்கா."

"நடை எனக்கு மட்டும் வருதா?"

முதல் நாள் குளத்தில் கால் பங்கு தூரம்கூடப் போகவில்லை. பாறையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, என்னை எடுத்துக்கோங்க" என்றார். ஒரு குரங்கு அருகில் வந்ததும் எழுந்து, நான் அதுவரை பார்த்திராத வேகத்தில் நடந்தார். நான் சிரித்த சிரிப்புக்கு அன்று முழுக்கப் பேசவில்லை.

நாள் போகப் போக ஒரு சுற்று வந்தார். மூச்சு சீரானது. நடந்துகொண்டே சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். எதிரே வருகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு முதலில் வெட்கம். பிறகு கவனித்தேன், நடக்கும்போது எனக்கு ஜெபத்தில் தூக்கம் வருவதில்லை. கால் ஓடிக்கொண்டிருந்தால் என் மனம் ஓடாமல் நிற்கிறது. முழங்காலில் வராத ஜெபம் எனக்குக் குளத்தங்கரையில் வந்தது. அப்போது எனக்கு அறுபது வயது தாண்டியிருந்தது.

ஒருமுறை தொண்டூருக்குப் போனோம். அங்கே பாறையில் அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. வழவழவென்று செதுக்கியிருப்பார்கள். அக்கா மூச்சு வாங்க ஏறி, ஒன்றில் படுத்தே பார்த்துவிட்டார்.

"எப்படி இருக்குது?"

"ஆத்துமா தெரியல. இடுப்பு மட்டும் கர்த்தரைக் கூப்பிடுது."

கை கொடுத்து எழுப்பிவிட்டேன். எழுந்தவர் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். "பாவம்டி, உடம்பை எதிரியா நெனைச்சிட்டாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், வேற மாதிரி" என்றார்.

அந்த வருடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். அது அப்போது தெரியவில்லை.

ஒரே வரிசையில் இரண்டு ஏழு

ஒரு நாள் சுடோகு கட்டத்தில், ஒருமுறை மட்டுமே வர வேண்டிய ஏழு ஒரே வரிசையில் இரண்டு தடவை இருந்தது. பேனாவால் போட்டது. நான் கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடுப்பில் பால் பொங்கியது, பலமுறை. சாப்பிட்டவுடனே, "சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றால், "நான் சாப்டேனா?" என்பார். கோயிலில் வசனம் வாசிக்க எழுந்தவர், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாரோ எழுந்து வாசித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தோம். மூளை சுருங்குகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். "ஆக்டிவா வெச்சுக்கோங்க. புதிர் போடட்டும், நடக்கட்டும், பாடட்டும்" என்றார் டாக்டர். அதையெல்லாம்தானே செய்துவந்தோம் என்று நான் சொல்லவில்லை.

நான் இன்னும் முயன்றேன். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. விளையாட்டு வீராங்கனைக்குப் பயிற்சி கொடுப்பதுபோல அக்காவுக்கு டைம்டேபிள் போட்டேன். நடை, புதிர், சங்கீதம், ஓய்வு. ஒழுங்காக உழைத்தால் தேறாத உடம்பு கிடையாது என்று நம்பியே நான் வளர்ந்தவள். மூளையும் உடம்புதானே?

கிருஷ்ணகிரிப் படிகள்

ஒரு காலை நான் கேஸ் சிலிண்டர் போட வந்தவரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தால் அக்கா இல்லை. பின்கதவு திறந்திருந்தது. செருப்பு அங்கேயே கிடந்தது.

பஜார் முழுக்கத் தேடினேன். கோயிலில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். குளத்தங்கரைக்கு ஓடியபோது தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருந்தது. என் கால்கள் எத்தனையோ பந்தயம் ஓடியவை. அன்று கரை முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு டீக்கடைக்கு வந்தேன்.

பஷீர் பாய் அடுப்பை அணைத்துவிட்டு மொபெட்டை எடுத்தார். "ஏறுங்க டீச்சர்." ராஜகிரிக்கு எதிரே இருக்கும் கிருஷ்ணகிரி மலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டினார்.

"குண்டா ஒரு அம்மா, வெறுங்காலோட மேல போனாங்க. கூப்ட்டேன், திரும்பல."

படியில் பாதிக்கு மேலே உட்கார்ந்திருந்தார். புடவை ஓரம் கிழிந்திருந்தது. பாதத்தில் ரத்தம். சர்க்கரை நோயாளியின் பாதம் அது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்கக்கா வந்தீங்க?" கத்திவிட்டேன்.

"நடக்க வந்தேன்."

"தனியாவா? இவ்ளோ தூரமா?"

"நீதான சொன்ன, நடந்தா சரியாயிடும்னு." குரல் தணிந்தது. "எல்லாம் மறந்து மறந்து போவுதுடி. இன்னும் கொஞ்சம் மேல நடந்தா சரியாயிடும்னு பாத்தேன்."

நான் படியில் அவருக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கீழே நிலக்கடலைக் கொல்லைகள் பச்சையாக விரிந்து கிடந்தன. திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பஷீர் பாய் சற்றுத் தள்ளி நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவு தேய்ந்துகொண்டே போனது. நான் பழக்கிய கால்களோ உரமேறிவிட்டன. அந்தக் கால்கள்தான் அவரை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போயின.

வண்டி வந்த நாள்

அக்காவின் தம்பி மகன் டேவிட்டுக்கு நானே போன் செய்தேன். அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். மறுவாரமே வந்தான். அக்காவின் கால் கட்டைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, தாம்பரம் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, கேட் பூட்டியிருக்கும்."

"நான் பூட்டு வாங்கிட்டேன் டேவிட்."

"உங்களுக்கும் வயசாகுது ஆன்ட்டி. நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆச்சுன்னா, ரெண்டு பேரும் உள்ள பூட்டிக்கிட்டு இருப்பீங்க. யாருக்குத் தெரியும்?"

அக்காவா, தங்கையா, பெற்றவளா நான்? சேர்ந்து வாடகைக்கு இருந்தவள். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவன் நல்ல குணம்.

புண் ஆறி, அக்கா மறுபடி குளத்தைச் சுற்ற ஆரம்பித்த பிறகு வண்டி வந்தது. அக்காவுக்குத் தலைவாரி, வெள்ளைக் கரைப் புடவை கட்டிவிட்டேன். வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார், புதிதாகச் சேர்ந்த டீச்சரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"நீங்க வரலையா டீச்சர்? பெல் அடிச்சிடுவாங்க."

"பின்னால வர்றேன், நீங்க போங்க" என்றேன்.

அதற்கு மறுநாள் காலைதான் நான் இரண்டு டீ குடித்தது.

நடை, நடை, நடை

வீடு பெரிதாகிவிட்டது. அக்கா விடும் குறட்டையைப் பற்றி நான் எத்தனை குறை சொல்லியிருக்கிறேன்! இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. குக்கரில் அரிசி அளவு பிடிபடவில்லை. ஒன்று குழைந்தது, அல்லது மிஞ்சியது. காலையில் கை கால் நீட்டும்போது "ஒன், டூ" என்று சொல்வது என் பழக்கம். காலி அறையில் அந்தக் குரலைக் கேட்டு நானே நிறுத்திவிட்டேன்.

நடந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? காலையில் குளம், பகலில் கோட்டை ரோடு, மாலையில் திரும்பவும் குளம். உடம்பு இளைத்தது. வாரங்கள் போயின, ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லை. சுடோகு வந்த பக்கத்தை மடித்து, ஜன்னல் ஓரம் வைத்தேன். அது ஒரு கட்டாக உயர்ந்தது.

கோயிலில் பெண்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள். ஆயர் வீட்டுக்கு வந்தார். இளவயதுக்காரர், இரக்கமுள்ளவர். ஜெபம் வரவில்லை என்று சொன்னேன். "ஜெபம் வரலன்னா உபவாசம் இருந்து பாருங்கம்மா" என்றார்.

இருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தேன். ஆனால் நடையை விடவில்லை. வெயில் ஏறியபோது ரோடு சாய்ந்தது. விழித்தபோது ஒரு புளியமரத்து நிழலில் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கணுக்கால் பூரி மாதிரி உப்பியிருந்தது.

எலும்பில் கீறல். கட்டுப் போட்டு, நடக்கவே கூடாது என்றார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நான் உட்கார்ந்தேன்.

கோயில் பெண்கள் முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர், "பாத்தீங்களா டீச்சர், ஆண்டவர் உங்கள உக்கார வெச்சிட்டாரு" என்றார். கிண்ணத்தை அவர்மேலேயே எறியலாம்போல இருந்தது. ஆனால் கஞ்சி நன்றாக இருந்தது, குடித்தேன்.

உட்கார்ந்த இடத்தில் செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னலோரத்துச் சுடோகு கட்டை எடுத்தேன். பென்சிலால் போட்டேன், அழித்தேன், போட்டேன். ஒரு கட்டம் முடிக்கக் காலை முழுக்க ஆனது. ஆனால் அந்த நேரம் முழுக்க என் மனம் ஒரே இடத்தில் இருந்தது. அக்கா, வண்டி, கண்ணாடி என்று சுற்றிச் சுற்றி வராமல், ஒன்பது எங்கே வரும் என்பதில் மட்டும் இருந்தது. கடைசி எண்ணைப் போட்டு நிமிர்ந்தபோது அறை அமைதியாக இருந்தது.

என் வாயிலிருந்து வந்தது: "எனக்கு உங்கமேல கோவமா இருக்குது."

யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். நெடுநாளுக்குப் பிறகு நான் செய்த முதல் ஜெபம் அது. அழுதேன். பசித்தது. எழுந்து, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நொண்டிப் போய்த் தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

வாசகி கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஆத்துமா, அறிவு, உடம்பு மூன்றுக்கும் நேரம் ஒதுக்கி நான் போட்ட டைம்டேபிள் எதுவும் நிலைக்கவில்லை. ஒன்று விழும்போது இன்னொன்று கை கொடுக்கிறது. நடை மட்டும் போதும் என்று ஓடினால் நடையே ஒரு நாள் குப்புறத் தள்ளுகிறது. இன்றும் சில நாள் ஜெபம் வரும், சில நாள் கட்டம் மட்டும்தான் வரும். வந்ததைச் செய்கிறேன்.

தாம்பரம்

கால் தேறியதும் டேவிட்டுக்குச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். அதுதான் முதல்முறை.

சுத்தமான இடம். வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர். பெரிய சத்தத்தில் டி.வி. அக்கா கடைசி நாற்காலியில் இருந்தார். முடியைக் கத்தரித்திருந்தார்கள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கால்கள் மாதக்கணக்கில் நடக்கவில்லை.

"நடக்க வெக்கிறதில்லையாம்மா?" நர்ஸிடம் கேட்டேன்.

"விழுந்துட்டாங்கன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கையில் மாத்திரைத் தட்டு. ஒரே ஆள், இத்தனை நாற்காலி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அக்காவின் முன்னால் குனிந்தேன். கண் என்மேல் பட்டு, தாண்டிப் போனது.

"அக்கா, எழுந்திருங்க. கொஞ்சம் நடக்கலாம்."

அவர் எழவில்லை. நான் பக்கவாட்டில் நின்று, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, மறு கையால் முழங்கையைத் தாங்கி, எடையை என்மேல் சாய்த்து எழுப்பினேன். கால் நடுங்கியது. நின்றார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். அவசரமில்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியும். செட்டிக்குளத்தில் அதைத்தானே கற்றுக்கொண்டேன்?

வராந்தாவில் பாதி தூரம் வந்தோம். மூச்சிரைக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது. இரண்டு அடி நடந்ததும், மூச்சுக்கு நடுவே அக்கா பேசினார். முதலில் என்னிடம் என்று நினைத்தேன். இல்லை.

"ஆண்டவரே," என்றார் சத்தமாக. டி.வி. பார்த்தவர்கள் திரும்பினார்கள். "ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். இந்தப் பொண்ணு என்னைப் புடிச்சிக்கிட்டு நடக்குது, அதுக்காக ஸ்தோத்திரம்."

இன்னொரு அடி வைத்தோம்.

"சாராவைப் பாத்துக்கோங்க ஆண்டவரே. அவ தனியா இருப்பா. சாப்பிட மாட்டா, சும்மா ஓடிக்கிட்டே இருப்பா. அவளுக்கு ஜெபிக்கத் தெரியாது. நான்தான் அவளுக்காக ஜெபிக்கணும்."

சாரா என்பது என் பெயர். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

நான்தான் சாரா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார். அதில் யாரையும் காணாமல் குழம்பியிருப்பார், ஜெபமும் நின்றுபோயிருக்கும். முழங்கையைத் தாங்கிக்கொண்டு நடந்தேன்.

வராந்தா கடைசிவரை அவர் எனக்காக ஜெபித்துக்கொண்டே வந்தார்.